கந்தோருக்குப் போன கதவு

நுளம்பு பெருகினால் நிஸ்மியாவின் வேலை நிலைக்கும். நுளம்பு குறைந்தால் வேலை ஆட்டம் காணும். ஒன்பது வருடமாகத் தன் சோற்றில் தானே மண் அள்ளிப் போடுகிற உத்தியோகத்தைத்தான் அவள் பார்த்துவந்தாள். உத்தியோகத்தின் பெயர் டெங்குக் கட்டுப்பாட்டு உதவியாளர். பள்ளிவாசல்துறையில் அதை முழுசாகச் சொல்ல யாருக்கும் மூச்சுக் காணாது. அக்காவை ராத்தா என்று கூப்பிடுகிற ஊர் என்பதால் சின்னவர்களுக்கு அவள் டெங்கு ராத்தா. பெரியவர்களுக்கு வெறும் டெங்கு. "டெங்கு வருகுது, டெங்கு வருகுது!" என்று ஒழுங்கை என்கிற குறுந்தெருவின் தலைப்பில் ஒரு குரல் எழும்பினால், கடற்கரை முனை வரைக்கும் வாளிகள் கவிழும்.

அவள் சேர்ந்தது இரண்டாயிரத்துப் பதினேழில். நாடே காய்ச்சலில் படுத்திருந்த வருடம். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழேயும் ஆட்கள் பாய் விரித்துக் கிடந்தார்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொல்லச் சொல்ல, கொழும்பில் காசு பிறந்தது. காசு பிறந்ததும் வேலை பிறந்தது. சாதாரண தரம் படித்தவர், வெயிலில் நடக்கக் கூடியவர், நாய்க்குப் பயப்படாதவர் தேவை என்றார்கள். நிஸ்மியாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. இடுப்பில் கைக்குழந்தை அஸ்னா. புருஷன் ஜௌபர் கடலுக்குப் போகிறவன்.

"மூணு மாசத்துக்குத்தானே. பொய்ட்டு வா," என்றான் அவன்.

அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுடைய மூக்கில் புதுத் துணி மணக்கும். புதுத் தொப்பி, புதுப் பை, கைக்கு அடங்காத டோர்ச். அபாயாவுக்கு மேலே போடக் கொடுத்த ரீசேட்டுக்குள் இரண்டு நிஸ்மியா நுழையலாம். காலையில் பத்துப் பேரும் கந்தோர் என்று ஊர் சொல்லும் சுகாதார அலுவலகத்தின் முற்றத்தில் வரிசையாக நின்றால், தோற்கப் போகிற கிரிக்கெட் அணி மாதிரி இருக்கும். பத்து மணிக்குப் பணிசும் பால் தேத்தண்ணியும் வரும். புகை அடிக்கிற இயந்திரம் ஊருக்குள் உறுமிக்கொண்டு போக, பின்னால் பிள்ளைகளும் அவர்களுக்குப் பின்னால் கழுதைகளும் ஓடும்.

அடுத்த வருடம் காய்ச்சல் குறைந்தது. செய்தி வாசிப்பவர் வேறு செய்திக்குப் போனார். முதலில் பணிஸ் நின்றது. பிறகு பால் தேத்தண்ணி, பாலில்லாத பிளேன்ட்டி ஆனது. புகை இயந்திரத்துக்குப் பெற்றோல் ஒதுக்கவில்லை என்று அதைச் சாக்குப் போட்டு மூடிவைத்தார்கள். மூடிய சாக்கின் மடிப்பில் மழைத்தண்ணி தேங்கி அதிலும் நுளம்பு முட்டை போட்டது.

கந்தோரின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தியாகராசா, வன்னியிலிருந்து சண்டைக்குத் தப்பிவந்து புத்தளத்தில் குடியேறியவர். எதையும் ஒரு இருமலோடுதான் தொடங்குவார். "க்கூகூம்" என்று அடித்தொண்டையில் புறப்பட்டு மூக்கில் போய் முடிகிற இருமல். அன்றும் அப்படித்தான் தொடங்கினார்.

"க்கூகூம்... பிள்ளையள், நீங்கள் வேலையை நல்லாச் செய்துபோட்டியள். அதுதான் இப்ப பிரச்சினை. நோய் இல்லையாம். நோய் இல்லாட்டி காசு என்னத்துக்கெண்டு கேக்கினம்."

பத்துப் பேர் நான்கு பேரானார்கள். பிறகு இரண்டு. கடைசியில் பள்ளிவாசல்துறைக்கு நிஸ்மியா மட்டும். மூன்று மாதம் முடிய இன்னொரு மூன்று மாதம் என்று கடிதம் வரும். மழை பெய்து காய்ச்சல் கூடினால் கடிதம் பறந்து வரும்; வெயில் அடித்தால் நொண்டி நொண்டி வரும். அப்படியே அஸ்னா நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், நான்காம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். உம்மாவின் வேலை மட்டும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை.

இந்த வருடம் பெப்ரவரியில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. கடைசி மூன்று வருடம் ஒரு மாதம்கூட விடாமல் வேலை செய்ததைக் காட்டுகிறவர்களுக்கு நிரந்தர நியமனம். காட்ட முடியாதவர்களுக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை. கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்ப்பார்.

"க்கூகூம்... ஒரு சின்னச் சிக்கல் கிடக்கு, பிள்ளை," என்றார் தியாகராசா. சின்னச் சிக்கலை மேசையில் கொண்டுவந்து வைத்தார். நவம்பர் வெள்ளத்தில் ஊறிக் காய்ந்து, பலாப்பழம் மாதிரி உப்பியிருந்த வரவுப் பதிவேடு. திறந்தால் எழுத்து இல்லை; நீல மை மேகம் மேகமாகப் பரவிக் கிடந்தது. நிஸ்மியா ஒன்பது வருடம் போட்ட கையெழுத்தெல்லாம் அந்த மேகத்துக்குள் போய்விட்டன.

"அப்ப என்ன சேர் செய்ற?"

"உங்கட ஊர்க் கதவுகள் இருக்குதெல்லோ."

அப்போதுதான் அவளுக்கு மஞ்சள் அட்டை ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், ஏதோ ஒரு திட்டத்தின் காசு மிஞ்சிப்போய், அதை வருடக் கடைசிக்குள் செலவழிக்க வேண்டும் என்று அச்சடித்த அட்டை. வீட்டுக்கு ஒன்று. மாதத்துக்கு ஒரு வரி. திகதி, புழு உண்டா இல்லையா, வீடு பூட்டியிருந்ததா, கையொப்பம். ஊர்ப் பெண்கள் அதை முன்கதவின் உள்பக்கத்தில், வீட்டில் அருள் நிறைய, பரக்கத்துக்காக மாட்டியிருந்த யாஸீன் வசனப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அரசாங்கம் கொடுத்த ஒன்று, கிடக்கட்டும் என்ற எண்ணம்.

நிஸ்மியா பையைத் தோளில் போட்டுக்கொண்டு அட்டை சேர்க்கப் புறப்பட்டாள்.

ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு ஞாபகத்தைத் திறந்தது. முதல் வீடு றுமானாவுடையது. கருவாடு காயப்போடுகிறவள், பேச்சிலும் கொஞ்சம் உப்புக் கூட. அவளுடைய அட்டை ஒரு மூலையில் நெத்தலி மணத்தது. முதன்முதலில் டோர்ச்சோடு உள்ளே போன நாளில், "என்ன, எங்கட வீட்டுக் கக்கூஸ எட்டிப் பாக்கவா அரசாங்கம் ஒனக்குச் சம்பளம் தார?" என்று வாசலில் மறித்தவள் இவள்தான். இப்போது அட்டையைக் கத்தியால் மெதுவாக நெம்பி எடுத்துக் கொடுத்தாள்.

"கெட்டுப்போகாமத் தந்திருக்கன். நிரந்தரம் ஆனதும் எங்கள மறந்துராத, டெங்கு."

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அபூசாலிக்குப் பள்ளிக்கென்று தனி அட்டை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூ செய்கிற ஹவுள் தொட்டிக்குள் நுளம்புப் புழு தின்ன மீன் விட வந்த நாளை அவர் ஞாபகப்படுத்தினார். அவள் சின்னப் போத்தலில் இருபது மீன் கொண்டுவந்தாள். அதைப் பார்த்துவிட்டுக் கடல்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "இது மீனா? இத வச்சி ஆணம் காச்சிறண்டா பூதக்கண்ணாடி வேணுமே!" என்றான் ஜௌபர், சொந்தப் பெண்சாதி என்றும் பாராமல். பட்டணத்து மீன் உப்புக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாரம் தாங்கவில்லை. அபூசாலி அதற்குப் பதிலாக ஊரோர உப்புக் களப்பிலிருந்து தானே ஒரு வகைக் குஞ்சு பிடித்து விட்டார். அவை இன்றும் இருக்கின்றன. அரசாங்க மீனுக்குக் கணக்கு இருந்தது. களப்பு மீனுக்குக் கணக்கு இல்லை, ஹயாத்து, நீண்ட ஆயுசு, இருந்தது.

மாலைக்குள் முப்பத்தெட்டு அட்டைகள் சேர்ந்தன. ஒழுங்கையில், பள்ளியையும் சேர்த்து, முப்பத்தொன்பது வீடு. கடைசி வீட்டுக்கு அவள் போகவில்லை. அது சாரா உம்மாவின் வீடு.

அந்த வீட்டுக்குப் போகாததற்கு ஒரு கதை இருக்கிறது. பள்ளிவாசல்துறையில் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் சீனி போட்டாலும் உப்புத்தான் முன்னுக்கு நிற்கும். பவுசர் லொறியில் வருகிற தண்ணீர் சோற்றுக்கே காணாது. சாரா உம்மா மட்டும் கூரைத் தகரத்தில் விழுகிற மழையைப் பீலி வழியே ஒரு நீலப் பிளாஸ்டிக் பெரலில் பிடித்து வைப்பார். அந்தத் தண்ணீரில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ட்டிக்கு ஊரில் ஈடு கிடையாது. நிஸ்மியா வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லா வீடும் அவளை வாசலில் நிறுத்தியபோது, "வா மகள், வெயில்ல கருகாம" என்று உள்ளே கூப்பிட்டுக் கோப்பையை நீட்டிய முதல் ஆள் சாரா உம்மா. அதிலிருந்து ஒவ்வொரு சுற்றும் அந்த வீட்டில்தான் முடியும்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் மறுபடி காய்ச்சல் எழும்பியது. வெளியூர்க் குழு ஒன்று வந்தது. வீடு வீடாகப் போய் வழக்குப் போடச் சொல்லிக் கட்டளை. நிஸ்மியா வழிகாட்டி. நீலப் பெரலின் மூடியைத் திறந்தார்கள். உள்ளே புழு நெளிந்தது. அவர்கள் பெரலைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார்கள். இரண்டு மாத மழை மணலுக்குள் ஒரு நொடியில் போனது. கடதாசியில் சாட்சி என்று நிஸ்மியா கையொப்பம் வைத்தாள். வைக்காவிட்டால் வேலை போகும் என்றார்கள்.

சாரா உம்மா கோட்டுக்குப் போய்த் தண்டம் கட்டினார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. "மண்ணு குடிச்சிட்டுதே," என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து நிஸ்மியாவோடு பேச்சு இல்லை. பேச வேண்டியது வந்தால், முற்றத்தில் கட்டியிருக்கும் சுல்தான் என்ற ஆட்டுக்கிடாயைப் பார்த்துச் சொல்வார். "சுல்தான், வந்தவகிட்ட செல்லு, பெரல நல்லாப் பாக்கச் செல்லி." கிடாய் ஒரு நாளும் செய்தியைப் பிழையாகச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நிஸ்மியா யாரையும் கோட்டுக்கு அனுப்பவில்லை. அவளிடம் வேறொரு ஆயுதம் இருந்தது. சின்னதிலிருந்தே ஊராரின் குரல்களை அச்சு அசலாக எடுத்துவிடுகிறவள் அவள். வேலிக்கு வெளியே நின்று தியாகராசாவின் இருமலை விடுவாள். "க்கூகூம்... இந்த வீட்டு ஆக்கள் இருக்கினமோ?" அவ்வளவுதான். உள்ளே தடதடவென்று வாளிகள் கவிழும், ரயர்கள் உருளும், தேங்காய்ச் சிரட்டைகள் குப்புற விழும். பிறகு அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். "சாவுவாய்டி நீ!" என்று பெண்கள் துரத்துவார்கள். மிச்சம் இருக்கிற புழுவைத் தன் கையாலேயே ஊற்றிவிடுவாள்.

ஆனால் அட்டையில் எதையாவது எழுத வேண்டுமே. "உண்டு" என்று எழுதினால் வழக்கு. "இல்லை" என்று எழுதி நாளைக்கு அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவளுக்கு வினை. அதனால் மழை மாதங்களில் "வீடு பூட்டு" என்று எழுதினாள். ஒரு வீட்டுக்கு எழுதினால் பக்கத்து வீட்டுக்காரி, "அவளுக்கு ஒரு மாதிரி எனக்கு ஒரு மாதிரியா?" என்று அட்டையை ஒப்பிட்டுப் பார்த்துச் சண்டைக்கு வருவாள். எனவே ஒழுங்கை முழுவதற்கும் ஒரே நியாயம்: பூட்டு, பூட்டு, பூட்டு.

சாரா உம்மாவின் அட்டையில் மட்டும் அப்படி எழுத முடியவில்லை. அவர் பக்கத்தில் நின்று, "சுல்தான், கண்டதக் கண்ட மாதிரி எழுதச் செல்லு," என்பார். பெரலுக்கு நுளம்பு வலை கட்டி, ரப்பர் பட்டி போட்டு, அலுமாரிக்கு மேலே குர்ஆனை வைத்த மாதிரி அந்தத் தண்ணீரைக் காத்தார்.

கொழும்பு அதிகாரியின் பெயர் ஷானிகா. சின்ன வயதுச் சிங்களப் பெண். தமிழைப் புத்தகத்தில் படித்து, வாயில் வைத்து மெல்லப் பயந்து பேசுகிறவர்; எந்தப் பெண்ணும் அவருக்கு நங்கி, அதாவது தங்கச்சி. முப்பத்தெட்டு அட்டைகளையும் மாதவாரியாக அடுக்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

"நங்கி, இது என்ன? ஒக்டோபர் பூட்டு. நவம்பர் பூட்டு. டிசம்பர் பூட்டு. எல்லா வீடும் பூட்டு. ஊர்ல ஆள் எல்லாம் எங்க போறது?"

ஷானிகா அட்டைகளை இன்னொரு தடவை விரல் விட்டு எண்ணினார்.

"மழை வந்தா டெங்கு வர்றது. மழை வந்தா நீங்க வேலை செய்யாம இருக்கிறது. அப்படித்தானே இதுல இருக்கிறது? பதினொரு மாசம் இல்ல."

"வேலைக்கி வந்த மிஸ். ஒரு நாளும் விட இல்ல."

"சரி. அப்ப காட்டுங்க. அந்த மாசத்துல ஒரு வீடாவது பார்த்தது எழுதி இருந்தா, நான் ஏத்துக்கிறது. ஃபோட்டோ வேணாம், நங்கி. ஃபோன்ல எல்லாரும் எல்லாம் மாத்துறது. ஒரிஜினல். நாளைக்கு ரெண்டு மணிக்கு நான் போறது."

ஒரு வீடு. அந்த ஒரு வீடு எது என்று நிஸ்மியாவுக்குத் தெரியும். தியாகராசாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருமாமலே அவளைப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை அவள் சாரா உம்மாவின் முற்றத்தில் போய் நின்றாள். சாரா உம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"சுல்தான், இன்னும் மாசம் பொறக்க இல்லயே. என்னத்துக்கு வந்தெண்டு கேளு."

நிஸ்மியா கிடாயைப் பார்த்தாள். அதற்குத்தான் முதலில் சலாம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"சுல்தான், உம்மாகிட்டச் செல்லு. எனக்கு அந்த அட்டை வேணும். அது இல்லாட்டி என்ட வேலை போற. நான் பொய் எழுதின. உம்மாட வீட்டுல மட்டுந்தான் உண்மை எழுதின."

கிடாய் ஒரு முருங்கைக் காம்பை எட்டி இழுத்தது. சாரா உம்மா காம்பைப் பிடுங்கி வாங்கினார். பிறகு கதவின் பக்கம் தாடையை ஆட்டினார். எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

நிஸ்மியா கதவை உள்பக்கம் திருப்பினாள். மஞ்சள் அட்டை கண்ணாடிக்குள் வைத்தது போலப் பளபளத்தது. நகத்தால் சுரண்டினாள். கத்தியால் நெம்பினாள். மூலைகூட அசையவில்லை.

"உம்மா, இது என்ன போட்டு ஒட்டின?"

"சுல்தான், செல்லு. வள்ளத்துக்குப் பூசுற ஃபைபர் பசை. மகன்கிட்ட வாங்கி ரெண்டு பூச்சுப் பூசின. எழுதுற எடத்த மட்டும் விட்டு. ஒருத்தரும் கழட்டி, நாளைக்கு எனக்குப் புழு இருந்ததெண்டு மாத்தி எழுதிரக் கூடாதே."

கடலில் வருடக்கணக்காய் அடிவாங்கும் வள்ளங்களே அந்தப் பசையில் நிற்கின்றன. கதவு எம்மாத்திரம். அட்டையைக் கிழிக்காமல் எடுக்க வழியில்லை. நிஸ்மியா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் அழாதவள் அங்கே அழுதாள். வேலைக்காகவா, மணல் குடித்த தண்ணீருக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கோட்டுக் கடதாசில நான் சைன் வச்சிருக்கக் கூடாது உம்மா."

கீரை ஆய்கிற கை நின்றது. சாரா உம்மா எழுந்து வந்தார். கிடாயைப் பார்க்கவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக நிஸ்மியாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஒன்ட மாப்பிளகிட்ட ஸ்குரூ டிரைவர் ஈக்கிதா?"

ஜௌபர் கதவின் பிணைச்சல்களைக் கழற்ற அரைமணி நேரம் எடுத்தது. உப்புக் காற்றில் ஆணிகள் துருவாகிக் கிடந்தன. பலாப்பலகைக் கதவு, நான்கு பேர் தூக்கினார்கள். மீன் ஏற்றுகிற பட்டா லொறியில் அதைப் படுக்கப்போட்டார்கள். "கதவில்லாத வீட்டுல நான் என்னத்தக் காக்கிற? கதவோட நானும் வாறன்," என்று சாரா உம்மா ஏறினார். சுல்தானையும் ஏற்றினார்; அதைத் தனியே விட்டால் உள்ளே போய்ப் பாயைத் தின்றுவிடும். றுமானா என்ன விசயம் என்று கேட்க வந்து, கேட்டு முடிக்குமுன் ஏறிவிட்டாள். இன்னும் ஐந்தாறு பெண்கள். மோதினார் அபூசாலி லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு முன்னால் உட்கார்ந்தார். தூரத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கி தெரிய, கதவும் கிடாயும் கூட்டமும் கந்தோருக்குப் போயின.

கதவு கந்தோர் வாசலுக்குள் நுழையவில்லை. முற்றத்து வேம்பில் சாத்தினார்கள். ஷானிகா வெளியே வந்தார். முதலில் கிடாயைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். பிறகு தியாகராசாவைப் பார்த்தார்.

"மஹத்தயா, இது என்ன?"

"க்கூகூம்... ஒரிஜினல் கேட்டனீங்கள், மிஸ்."

ஷானிகா குனிந்து விரலை வரி வரியாக ஓட்டினார். ஒக்டோபர்: இல்லை. நவம்பர்: இல்லை. டிசம்பர்: இல்லை. ஒவ்வொரு மாதமும் திகதியும் கையொப்பமும். முப்பத்தாறு வரி. ஒன்றும் குறையவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, புதுச் சந்தேகம்.

"இந்த வீட்டுக்குப் போனது. அப்ப பக்கத்து வீடு எல்லாம் எப்படிப் பூட்டு?"

நிஸ்மியா முன்னால் வந்தாள். "பூட்ட இல்ல மிஸ். நான் பொய் எழுதின. புழு இருந்திச்சி. ஊத்திட்டு அப்படி எழுதின. கோட்டுக்குப் போகக் கூடாதெண்டு."

இத்தனை நாள் "எங்கட வீட்டுல புழுவா? அடுத்த வீட்டுல பாருங்க" என்று சத்தியம் பண்ணிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். றுமானாதான் முதலில் உடைந்தாள்.

"எங்கட வீட்டுல இருந்த மிஸ். ஐஸ் பெட்டில. கறுப்பா, இந்த அளவு!"

"ஒங்கட ஐஸ் பெட்டி என்ன? எங்கட தொட்டியில கரண்டியால அள்ளலாம்!" என்றாள் இன்னொருத்தி.

"பள்ளி ஹவுள்லயும் ஒரு தரம் இருந்த," என்றார் அபூசாலி, தொண்டையைச் செருமி. "அல்லாஹ் மன்னிக்கணும்."

அவமானத்தில் யார் வீடு பெரிசு என்று போட்டி தொடங்கிவிட்டது. ஷானிகா இரண்டு கையையும் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

"பூட்டு எண்டு எழுதினது பெரிய பிழை, நங்கி."

"மிஸ்," என்றார் சாரா உம்மா, கதவில் கையை வைத்துக்கொண்டு. "எங்கட ஊர்ல ஆமைப்பூட்டு ஈக்கிறது வள்ளத்து எஞ்சினுக்கு மட்டுந்தான். வீட்டுக்கு ஒருத்தரும் பூட்டுப் போடுற இல்ல. இவ எழுதின பொய்ய ஊர்ல ஒரு சின்னப் புள்ளயும் நம்பாது. நம்பாத பொய் என்ன பொய்? என்னய இவ கோட்டுக்கு அனுப்பின. கோவந்தான். ஆனா இவ வராத மாசம் எண்டு ஒண்டு இல்ல. அத நான் செல்லாட்டி நாளைக்கி மறுமையில எனக்குக் கேள்வி ஈக்கி."

ஷானிகா உள்ளே போய் நெடுநேரம் எழுதினார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து அவரே படம் எடுத்தார். ஒவ்வொரு பெண்ணிடமும் கையொப்பம் வாங்கினார். ஏறும்போது, "நான் எழுதுறது. முடிவு கொழும்பு," என்றார். வாகனம் புறப்பட்ட பிறகும் ஜன்னலால் தலையை நீட்டிக் கதவைப் பார்த்துக்கொண்டே போனார்.

பின்னேரம் ஜௌபர் கதவைத் திரும்ப மாட்டினான். நிஸ்மியா வீட்டுக்குக் கிளம்பியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்க போற? வா மகள், வெயில்ல கருகாம."

வெயில் எப்போதோ இறங்கிவிட்டது. சாரா உம்மா பெரலின் வலையை விலக்கி ஒரு கோப்பை மொண்டார். இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பிளேன்ட்டியில் உப்பில்லை. தகரக் கூரையும் பழைய மழையும் லேசாக மணத்தன. பதினேழாம் வருடத்தின் பெரிய ரீசேட்டுக்குள் முங்கிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை நிஸ்மியா நினைத்தாள். ஒரே மிடறில் குடிக்கவில்லை. ஆறும்வரைக்கும் வைத்துக் குடித்தாள்.

ஏப்ரலில் ஒரு உறை வந்தது. உள்ளே மூன்று கடதாசி. முதலாவது, பொய்யாக எழுதியதற்கு எச்சரிக்கை. இரண்டாவது, நிரந்தர நியமனம். ஜௌபர் அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒழுங்கைக்கு ஓடினான். மூன்றாவதை நிஸ்மியா தனியாக வாசித்தாள். நிரந்தரமானவர்கள் சொந்த ஊரில் வேலை பார்க்கக் கூடாது. சிலாபம்.

இப்போது அவள் விடியற்காலை பஸ் ஏறி, களப்பும் தென்னந்தோட்டங்களும் தாண்டி, சிலாபத்துக்குப் போய்வருகிறாள். புது ரீசேட் அளவாக இருக்கிறது. பத்து மணிக்கு மறுபடி பணிஸ் வருகிறது. அங்கே தெருவெல்லாம் உயர்ந்த மதில். கேட்டுக்குக் கேட்டு பித்தளையில் பெரிய ஆமைப்பூட்டு. முதல் நாள் முதல் வீட்டின் முன் நின்று, கேட்டின் இடுக்கால் கைவிட்டுப் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். நிஜப் பூட்டு. அட்டையில் "பூட்டு" என்று எழுதினாள். ஒன்பது வருடத்தில் அவள் எழுதிய முதல் உண்மையான பூட்டு. எழுதி முடித்ததும் காது கொடுத்துக் கேட்டாள். யாரும் "டெங்கு வருகுது" என்று கத்தவில்லை. எந்த வாளியும் கவிழவில்லை. எந்தக் கிடாயும் செய்தி கேட்கக் காத்திருக்கவில்லை.

அப்படி ஒரு மாதம் போனது. நேற்று, மழை விட்ட ஒரு காலையில், அதே கேட்டின் முன் நின்றாள். பேனாவைத் திறந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ செருப்பை இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. அவள் தெருவை இரு பக்கமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மெதுவாக மூச்சை இழுத்து, அடித்தொண்டையில் தொடங்கி மூக்கில் முடித்தாள்.

"க்கூகூம்..."

உள்ளே நடை நின்றது. பிறகு பதறிய ஒரு சிங்களக் குரல், கந்தோர் மஹத்தயா வந்துவிட்டார் என்று இன்னொரு குரலை அழைத்தது. அதைத் தொடர்ந்து, நிறைந்த வாளி ஒன்று சிமெந்துத் தரையில் கவிழ்கிற சத்தம், பிறகு இன்னொன்று. கேட்டின் கீழ் இடுக்கால் தண்ணீர் ஒரு நாக்குப் போல நீண்டு வந்து நிஸ்மியாவின் செருப்பை நனைத்தது. அவள் பேனாவை மூடினாள். உள்ளிருந்து பூட்டுத் திறக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.